நந்தனுக்கு மட்டும் ஏன் நெருப்பு?

மார்கழி பிறந்தால் சென்னைச் சங்கீத சபாக்களில் நந்தனும் பிறந்துவிடுகிறான்! தம்புரா மீட்டப்படுகிறது. மாஞ்சி இராகம் குழைந்து வருகிறது. கோயில் வாசலில் நின்று அனுமதி கேட்கும் ஓர் ஏழைப் பண்ணையாளின் ஏக்கம், பாடகரின் தொண்டை வழியே ஒழுகி வந்து மண்டபத்தை நிறைக்கிறது. முன்வரிசையில் பட்டும் பகட்டும். பின்வரிசையில் பக்தியும் பரவசமும். தலைகள் அசைகின்றன. சில விழிகளில் நீரும் அரும்புகிறது. பாட்டு முடிந்ததும் கைதட்டல். கைதட்டல் முடிந்ததும் காப்பி!

காப்பியை விட்டுவிடுவோம். அந்தக் கண்ணீரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

அந்தப் பாடலை ஆக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். எட்டயபுரத்துப் பாரதியார் மண்ணில் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது இவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர், மாயூரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர், பார்ப்பனக் குலத்தவர், மணம் செய்துகொள்ளாதவர், வேதாந்தம் பயின்றவர். தாமே பாட்டெழுதி, தாமே பண்ணமைத்து, தாமே ஊர் நடுவே நின்று கதை சொல்லிப் பாடியவர். நொண்டிச் சிந்து, கண்ணி, ஆனந்தக் களிப்பு என்று மக்கள் நாவில் புழங்கிய வடிவங்களையெல்லாம் சபைக்கு ஏற்றிய துணிச்சல் அவருக்கு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், இலக்கணப் பிழை மலிந்த நூல் என்று முதலில் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பின்பு பாரதியார் பாடக் கேட்டு உருகித் தந்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். உ.வே.சா. மாயூரத்தில் மாணவராக இருந்த நாளில் பாரதியாரிடமே சிறிது காலம் இசை பயின்றவர்; ஆகவே அந்தச் சான்றை நாம் ஐயுற வேண்டியதில்லை. இலக்கணப் புலவரையே கரைத்த இசை அது! இதை மறுத்துப் பேசுவது பகுத்தறிவும் ஆகாது, பண்பாடும் ஆகாது.

பின் எதற்கு இந்தக் கட்டுரை என்பீர்களோ?

நந்தனைக் காட்டி நம் வாயை அடைக்க வருவோர் இருக்கிறார்கள் தோழர்களே, அவர்களுக்காகத்தான். “சாதி, சாதி என்று சலித்துக்கொள்கிறீர்களே! சேரியில் பிறந்த நந்தனை அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துப் போற்றியது எங்கள் சமயம் அல்லவா? அவனுக்காக உருகி உருகிப் பாடியவர் ஓர் அந்தணர் அல்லவா? இதைவிடக் கருணை வேறு எங்கே உண்டு?” என்று கேட்கிறார்கள். காந்தியாரும் நந்தனைத் துன்பம் தாங்கி வென்ற தூயவன் என்று பாராட்டியிருக்கிறார். ஆகவே கேள்வி சிறிதன்று. கருணை உண்டா இல்லையா என்பதன்று. அந்தக் கருணை யாரை என்ன செய்யச் சொல்கிறது என்பதே கேள்வி.

முதலில் சேக்கிழாரைத் திறப்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு 37 பாடல்களில் முடிந்துவிடுகிறது. கொள்ளிடக் கரையில் ஆதனூர். ஊரார் விட்ட நிலத்தில் பிழைத்துக்கொண்டு, கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வருகிறார் நந்தனார். தோல் உள்ளே போகலாம். தோலைப் பதப்படுத்தியவர் போகக்கூடாது! நரம்பு உள்ளே இசைக்கலாம். நரம்பைத் தந்தவர் வெளியே நிற்க வேண்டும்! இந்த முரண்பாட்டைச் சேக்கிழார் சொல்லிக்கொண்டே போகிறார்; அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. அவர் கதையில் கொடியவர் எவரும் இல்லை. பிறப்பு என்ற ஒன்று வழிமறிக்கிறது. அதை விதித்தவர் யார் என்று கேட்பார் இல்லை.

பாரதியார் வந்தார், கதை மாறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை அவர் உள்ளே கொண்டுவந்தார். அவர்தாம் வேதியர், ஆதனூர்ப் பண்ணைக்காரர், நந்தனின் ஆண்டை. நந்தன் இப்போது ஊர் நிலத்தில் உண்டு வாழும் தொழிலாளி அல்லன். உழுது, நட்டு, அறுத்து, அடி வாங்கும் பண்ணையாள். தில்லைக்குப் போய்த் திருவாதிரை காண வேண்டும் என்கிறான். உனக்கு ஏனடா தில்லை என்கிறார் ஆண்டை. ஏசுகிறார், மிரட்டுகிறார், வேலை வேலை என்று விரட்டுகிறார். நாளை, நாளை என்று நாள் கழிகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இந்த வேதியரைப் படைத்ததற்காகப் பாரதியாருக்கு நாம் தலை வணங்கவே செய்வோம். ஏனென்றால் அவர் கற்பனையில் இழுத்து வந்த ஆள் அல்லர் அந்த வேதியர். தஞ்சைத் தரணியின் வரப்புகளில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தவர். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி ஆட்சி சொன்னது 1843-இல். அடிமை வாணிபம் குற்றம் என்று சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-இல். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்ததுதான் நந்தனார் கீர்த்தனை. காகிதத்தில் அடிமை ஒழிந்தான். கழனியில் பண்ணையாள் என்ற பெயரில் உழன்றான். சாணிப்பாலும் சவுக்கடியும் அவனுக்கு அளந்த கூலி! பண்ணையாளைப் பாதுகாக்கத் தஞ்சைக்கென்றே ஒரு சட்டம் வந்தது 1952-இல்தான். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பு, தம் குலத்து மிராசுதார்கள் செவிபட, ஆண்டை ஒருவனின் கொடுமையை இராகமும் தாளமும் போட்டுப் பாடுவதென்றால் அதற்கு நெஞ்சு வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அந்நூல் முதலில் அச்சேறியது என்பதையும் நினைவிற் கொள்க.

குற்றவாளியைக் கூண்டில் ஏற்றிவிட்டார் பாரதியார். சரி. தீர்ப்பு என்ன?

கேளுங்கள் கதையை. “நாற்பது வேலி நிலத்தையும் நட்டு, அறுத்து முடித்துவிட்டுப் போ தில்லைக்கு” என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்கும் மேல். நாற்பது வேலி 260 ஏக்கரைத் தாண்டும். ஒருவனால் ஆகும் காரியமா? நந்தன் கலங்குகிறான், சிவனை நினைத்து மயங்குகிறான். விடிந்து பார்த்தால் வயல் முழுவதும் விளைந்து நிற்கிறது! ஈசன் அருள்! வேதியர் ஓடிவந்து பார்க்கிறார், உடல் நடுங்குகிறது, உள்ளம் உருகுகிறது. நேற்று வரை ‘அடா’ என்று அழைத்தவனின் காலில் விழுகிறார். ஞானம் பெற்றுவிடுகிறார்!

கேட்கச் சுவையான கதைதான். ஆனால் கணக்குப் பார்ப்போமா? விளைந்தது யாருடைய நிலம்? வேதியருடையது. கதிர் முற்றிய நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போகும்? வேதியருடைய களஞ்சியத்துக்கு. விதை செலவில்லை, கூலிச் செலவில்லை, இரவோடு இரவாக நாற்பது வேலி விளைச்சல் வந்து சேர்ந்தது ஆண்டைக்கு! இறைவன் இரங்கியது அடிமைக்கு. இலாபம் அடைந்தது ஆண்டை. அருளைக்கூடப் பண்ணைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளத் தெரிந்த சமுதாயம் ஐயா இது!

வேலையை மனிதன் செய்தால் கூலி என்ற பேச்சு எழும். நேரம் என்ற பேச்சு எழும். நியாயம் என்ற பேச்சு எழும். தெய்வம் செய்துவிட்டால்? எந்தப் பேச்சும் எழாது. பாரதியார் தம் கூர்மையான கேள்வியைத் தாமே எழுப்பி, தாமே ஓர் அற்புதத்தால் அணைத்துவிட்டார் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேரியிலும் நந்தனுக்குப் பகைவர்களை வைக்கிறார் பாரதியார். கிழவர்கள் கூடுகிறார்கள். நம் குலதெய்வங்களை விட்டுவிட்டுப் பார்ப்பாரின் சாமியைத் தேடுகிறானே இவன் என்று பதைக்கிறார்கள். ஆண்டையிடம் போய் முறையிடுகிறார்கள். நந்தனோ அந்தக் காவல் தெய்வங்களை இகழ்கிறான். பலியையும் குடியையும் கடிகிறான். பலியைக் கண்டித்தால் நமக்கு வருத்தம் இல்லை. காட்டேரிக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதும் இல்லை! ஆனால் உற்றுப் பாருங்கள்: சேரியான் தன் தெய்வத்தை விட வேண்டும், தன் உணவை விட வேண்டும், தன் உறவை விட வேண்டும். விட்டுவிட்டு வந்த பிறகும் வாசலில் நிற்க வேண்டும். வேதியர் எதை விட்டார்? நாற்பது வேலியில் ஒரு குழியையாவது விட்டாரா?

இப்போது தில்லை வாசலுக்கு வருவோம். இங்கே சேக்கிழாரும் பாரதியாரும் கைகோத்து நடக்கிறார்கள்.

திருப்புன்கூரில் நடந்ததை முதலில் நினைவுகூர்க. வெளியே நின்ற நந்தனுக்குச் சிவலிங்கம் தெரியாதபடி கல் நந்தி மறைத்ததாம். சிவன் ஆணையிட்டான்; நந்தி நகர்ந்தது! கல்லை நகர்த்தினான் கடவுள். நல்லது. கதவைத் திறக்கச் சொன்னானா? இல்லை. ‘வா உள்ளே’ என்றானா? இல்லை. பக்தன் நின்ற இடத்திலேயே நின்றான்; பார்வை மட்டும் உள்ளே போயிற்று.

தில்லையில் அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே சுற்றிச் சுற்றி வருகிறான் நந்தன். வேள்விப் புகை தெரிகிறது. வேத ஒலி கேட்கிறது. அடி எடுத்து வைக்க அஞ்சுகிறான். கூத்தப்பெருமான் அவன் கனவிலும் வருகிறான். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வருகிறான். வந்து அந்தணர்களுக்கு இட்ட கட்டளை என்ன? “அவனும் என் அடியான், அழைத்து வாருங்கள்” என்பதா? அன்று! நெருப்பு மூட்டுங்கள் என்பது! தெற்கு வாயிலின் வெளியே தீ வளர்க்கப்படுகிறது. நந்தன் இறங்குகிறான். பழைய உடல் போய், மார்பில் முந்நூல் விளங்கும் முனிவனாக எழுகிறான். அந்தணர்கள் கைகூப்புகிறார்கள். உள்ளே போகிறான், மறைந்துவிடுகிறான், மறுபடி அவனைக் கண்டார் இல்லை.

சிந்தியுங்கள் தோழர்களே! கல் நந்தியை நகர்த்தியவனுக்குத் தீட்சிதர் மனத்தை நகர்த்த முடியவில்லையா? கனவில் வந்து பேசத் தெரிந்தவனுக்குக் கதவைத் திற என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லையா? பூணூல் போட்ட பிறகுதான் உள்ளே போனான் என்றால், சேரியில் பிறந்த நந்தன் தில்லைக்குள் போகவே இல்லை என்பதுதானே பொருள்? போனது ஒரு முனிவன். வெளியே வெந்தது நந்தன். சாதி ஒழிந்ததாகவா கதை சொல்கிறது? சாதிக்கு ஒரு சலுகையும் இல்லை, சாம்பலாகிப் பிறந்து வந்தால் பார்ப்போம் என்றல்லவா சொல்கிறது!

நெருப்பில் இறங்கியவன் ஒருவன். வெளியே வந்தது என்னவென்று சொன்னவர்களோ, நெருப்பு மூட்டியவர்கள். எந்த நீதிமன்றமாவது இத்தகைய சாட்சியத்தை ஏற்குமா? இந்திரா பார்த்தசாரதி தம் ‘நந்தன் கதை’ நாடகத்தில் இந்த ஐயத்தையே மேடையேற்றினார். நந்தன் ஏமாற்றப்பட்டு எரிக்கப்படுகிறான் அங்கே. அதற்கும் வெகு முன்பே அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் அடிமையே அல்லன், அரசன் என்று எழுதினார். எது வரலாறு என்று தேடுவது ஆராய்ச்சியாளர் வேலை. நாம் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். பாட்டு மக்கள் நெஞ்சில் என்ன விதைக்கிறது என்பதைப் பேசுகிறோம்.

நாம் பணிபுரியும் பள்ளியில் இக்கதையைச் சொன்னபோது எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, தப்புப் பண்ணினது வேதியர்தானே? அப்போ நெருப்புல அவர்தானே இறங்கணும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. நூற்றாண்டுக் காலம் கதாகாலட்சேபம் கேட்டு உருகிய பெரியவர்கள் எவரும் கேட்காத கேள்வி அது. திருந்த வேண்டியவர் வேதியர்; அவர் காலில் விழுந்தார், வேலை முடிந்தது. திருத்த வேண்டிய குற்றம் ஏதும் செய்யாத நந்தன் தீயில் விழ வேண்டியதாயிற்று. அடித்தவனுக்கு ஆனந்தக் கண்ணீர். அடிபட்டவனுக்கு அக்கினிக் குண்டம்!

இதுதான் நாம் சொல்ல வந்த செய்தி. பாரதியாரின் இரக்கம் பொய்யன்று. ஆனால் அந்த இரக்கம், ஒடுக்கப்பட்டவனைப் பார்த்து ‘நீ தூய்மையானால் உனக்கு இடம் உண்டு’ என்கிறது. ஒடுக்குகிறவனைப் பார்த்து ‘உன் கதவு அநியாயம்’ என்று சொல்லத் தயங்குகிறது. இரங்குவோன் மேலே நிற்கிறான். இரக்கத்துக்கு உரியவன் கீழே நிற்கிறான். இருவருக்கும் இடையே உள்ள படிக்கட்டு அப்படியே இருக்கிறது. ஆன்மிகம் என்று இதற்குப் பெயர் சூட்டிவிட்டால் படிக்கட்டும் புனிதமாகிவிடும்!

“அறுபத்து மூவரில் ஒருவராக வைத்தோமே” என்றார்கள் அல்லவா? வைத்தீர்கள். சிவன் கோயில் திருச்சுற்றில் கல்லாக வைத்தீர்கள். கல் நந்தனுக்குத் திருமஞ்சனம் நடந்தது. அவன் வழிவந்த உயிருள்ள நந்தர்கள் கோபுர வாசலைத் தாண்ட முடியவில்லை. எதுவரை? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். சென்னை மாகாணமெங்கும் கோயில் கதவுகளைச் சட்டம் திறந்தது 1947-இல். நந்தனார் புராணம் எழுந்து எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு! அந்தக் கதவைத் திறந்தது நந்தன் இறங்கிய தீயா, மக்கள் நடத்திய போரா?

படத்துறைக்கும் நந்தன் மேல் காதல்தான். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்று நாடே வியந்தது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாகப் பாடினார். அருமையான குரல்கள்! கொட்டகையில் அழுதவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! அழுதவர்கள் வீடு திரும்பினார்கள்; தேநீர்க் கடையில் தனிக் குவளை தொங்கிக்கொண்டிருந்தது; தொங்கட்டும் என்று கடந்து போனார்கள். கண்ணீர் விடுவது எளிது. குவளையைக் கழற்றுவது கடினம். 

சிதம்பரத்திலேயே மாற்றுப் பாதை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நன்றியன்று. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த துறவி சுவாமி சகஜானந்தர், 1916-இல் அங்கே நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் சமய நம்பிக்கை உடையவர். நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை நிறைய உண்டு. ஆனால் நந்தன் பெயரைச் சொல்லி அவர் நெருப்பு மூட்டவில்லை, எழுத்தறிவித்தார். அந்தப் பள்ளி வாசலில், உன் பிறப்பை எரித்துவிட்டு வா என்று எந்தச் சிறுவனிடமும் சொல்லப்படவில்லை. அதே ஊரில் பொற்கூரை வேய்ந்த சபையின் நிருவாகம், 2014-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் மீண்டும் பொது தீட்சிதர் கைக்கே போனது. 2021 ஆகஸ்டில் அறநிலையத்துறைக் கோயில்கள் சிலவற்றில், பயிற்சி பெற்ற பிற சாதியினர் அர்ச்சகராக அமர்த்தப்பட்டார்கள். தில்லைச் சபைக்கு அந்த ஆணை எட்டவில்லை. அங்கே பூசை இன்னும் பிறப்புரிமைதான்! உள்ளே போவதற்குத் தீ தேவைப்பட்டது நந்தனுக்கு. உள்ளேயே பிறந்தவர்களுக்கு எந்தத் தீயும் தேவைப்படவில்லை.

பாட்டைக் கொளுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை நாம். இளைஞர் மன்றங்களில் நந்தன் கதையை நாடகமாகப் போடுங்கள். பாரதியாரின் வேதியரை அப்படியே மேடையேற்றுங்கள். அந்த அதட்டலும் அந்த ஏக்கமும் அவ்வளவு உண்மை. நாற்பது வேலி வரும் இடத்தில் திரையை நிறுத்துங்கள். பூதகணங்களை அனுப்பாதீர்கள். நெல் யாருக்கு என்று பார்வையாளரைக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? பாரதியார் பிறந்த நரிமணம் இருக்கும் அதே நாகை மாவட்டத்தில்தான் கீழவெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25, மார்கழி மாதம், சென்னையில் கச்சேரிக் காலம். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டார்கள் பண்ணைத் தொழிலாளர்கள், சங்கம் வைத்தார்கள், பணிய மறுத்தார்கள். அன்று இரவு ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியே வரவிடாமல் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று 44 பேர் வெந்தார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் அது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது நம் கடமை. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீயிலிருந்து முந்நூலோடு எவரும் எழவில்லை. நெல் கேட்டவர்களுக்காக எந்தக் கனவிலும் எவரும் வரவில்லை.

சபாக் காரியதரிசிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மார்கழியிலும் நந்தன் பாட்டு உங்கள் மேடையில் ஒலிக்கத்தான் போகிறது, ஒலிக்கட்டும். டிசம்பர் 25 அன்று மட்டும், அந்தப் பாட்டுக்கு முன்னால், கீழவெண்மணியில் மாண்ட 44 பேரின் பெயர்களை ஒருவர் எழுந்து படிக்கட்டும். அந்த ஊர் நினைவிடத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தேடி அலைய வேண்டியதில்லை. படித்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். மாஞ்சி இராகம் காத்திருக்கும்.